உயிரணுவுள் உண்மை தேடிய ஜானகி அம்மாள்

பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்போர் இயற்கையையே தமக்குச் சான்றாக அழைப்பது வழக்கம். அவ்வியற்கையை நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்த பெண்மணி ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் எழுத விழைகின்றோம். அவர் டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4ஆம் நாள், மலபாரைச் சேர்ந்த தலச்சேரியில், தீயர் குலத்தில் அவர் பிறந்தார். அக்குலத்தவரைத் தாழ்ந்தோரென மேற்சாதியினர் ஒதுக்கிவைத்த காலம் அது. ஆயினும் தந்தையார் கிருஷ்ணன் சப்-ஜட்ஜாக விளங்கியவர். நம் முன்னோரில் பெரும்பாலோர்க்குக் கிட்டாத கல்விச் சூழல் அவர் இல்லத்தில் இருந்தது. இதனை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். திருமணத்தினும் கல்வியே பெரிதெனக் கொண்டார். ஆசியப் பெண்களுக்கென ஏற்படுத்தப்பட்ட பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றது. 1931இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

உயிரணுவினுள் மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் நுண்ணிய இழைகளே குரோமோசோம்கள். அவற்றை எண்ணி ஒப்பிட்டால், கழனிப் பயிருக்கும் காட்டுச் செடிக்கும் உள்ள உறவு புலப்படும். 1934 முதல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஜானகி அம்மாள் இப்பணியை மேற்கொண்டார். தடித்து இனிக்கும் கரும்பிற்கு ஐரோப்பியர் இட்ட பெயரே உயர்குலக் கரும்பு என்பதாகும். அதற்குக் குரோமோசோம்கள் 80. நாணலையொத்த காட்டுக் கரும்பிற்கோ இடத்திற்கேற்ப 40 முதல் 128 வரை உண்டு. உயர்குலக் கரும்பு இனிப்புடையதேனும் நோய்க்கும் குளிருக்கும் எளிதில் நலிவது. காட்டுக் கரும்பின் கலப்பே அதற்கு வலிமை தந்தது. இன்று வயலில் விளையும் கரும்பு இவ்விரண்டின் வழித்தோன்றலேயாகும். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து அவர் உண்டாக்கிய செடி 1938இல் அறிவுலகின் கவனத்தை ஈர்த்தது.

பின்னர் இலண்டன் சென்று, போர்க்காலக் குண்டுமழைக்கிடையே ஜான் இன்னெஸ் நிலையத்தில் ஆராய்ந்தார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1945இல் வெளியிட்ட பெருநூல், சாகுபடிச் செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்துத் தந்தது. இத்தகைய கணக்கு நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. நம் வீட்டு உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றின் குரோமோசோம்கள் 22. புதரில் தானே முளைக்கும் அவற்றின் காட்டு உறவினங்களுக்கும் அதே 22. விதை பெருத்ததும், நெற்று வெடித்துச் சிதறாமல் நின்றதும் உழவனின் கை பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் பயன். பிறப்பின் எண் ஒன்றே. வேறுபாடு பேணிய பேணலால் விளைந்தது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கப் பணியாற்றினார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் சென்னை மதுரவாயலில் ஆய்வைத் தொடர்ந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை எழுவதை எதிர்த்தார். 1984 பிப்ரவரி 7ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இளைஞர்களே! கற்ற தந்தையும் ஓர் உதவித்தொகையும் அமைந்ததால் ஜானகி அம்மாளின் ஆற்றல் உலகறிய மலர்ந்தது. கற்ற தந்தை அமையாத நம் பிள்ளைகளுக்கு அவ்விடத்தில் நிற்க வேண்டியது நம் சங்கமே. விதையில் குறையில்லை, நிலத்தைப் பண்படுத்துவோம்.