மும்பை நகரசபையின் தந்தை பெரோஸ்ஷா மேத்தா

மும்பையில் பழைய வி.டி. ரெயில் நிலையத்துக்கு எதிரே மாநகராட்சிக் கட்டிடம் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு சிலை உண்டு. தினமும் லட்சக்கணக்கானோர் அதைக் கடந்து வேலைக்குச் செல்கிறார்கள். அந்தச் சிலைக்கு உரியவர் சர் பெரோஸ்ஷா மேத்தா. கோட்டைப் பகுதியில் ஆபீசுகள் நிறைந்த பி.எம். ரோடு அவர் பெயரைத் தாங்கியதுதான்.

நகரத்து மக்கள் கட்டும் வரிப்பணத்தை யார் செலவு செய்வது? கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்விக்காக சுமார் 40 ஆண்டுகள் உழைத்தவர் அவர்.

சீமைப் படிப்பு

1845-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி பம்பாயில் ஒரு பார்சி வணிகர் குடும்பத்தில் பெரோஸ்ஷா பிறந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1864-ல் பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று சட்டம் படிக்க, பார்சி செல்வர் ஒருவர் வழங்கிய உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. ஆனால், 1865-ல் பம்பாயின் பருத்தி வியாபாரமும் பங்கு வியாபாரமும் சரிந்தன. பல செல்வர்கள் ஒரே நாளில் ஏழையானார்கள். உதவித்தொகையும் நின்றது. குடும்பத்தார் கொடுத்த பணத்தில் படிப்பை முடித்து, 1868-ல் பாரிஸ்டராக ஊர் திரும்பினார்.

கடனில் மூழ்கிய நகரம்

அப்போது பம்பாய் நகரசபையின் கமிஷனர் ஆர்தர் கிராபோர்டு என்ற ஆங்கிலேயர். திறமைசாலி. சாலை போட்டார், சாக்கடை கட்டினார், அவர் பெயரில் பெரிய மார்க்கெட் எழுந்தது. ஆனால் பணம் தண்ணீராய் ஓடியது. நகரசபை கடனில் மூழ்கியது. அவரைத் தட்டிக் கேட்க வேண்டிய சபையில் இருந்தவர்களோ அரசாங்கம் நியமித்த 'ஜஸ்டிஸ்கள்'. வரி கட்டியவர்கள் கொதித்து எழுந்தார்கள்.

1871-ம் ஆண்டு ஒரு பொதுக்கூட்டத்தில் பெரோஸ்ஷா பேசினார். அப்போது அவருக்கு வயது 26. கமிஷனரைத் திட்டினால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. குற்றம் ஆளிடம் இல்லை. அமைப்பில்தான் இருக்கிறது என்றார். வேலையைச் செய்ய ஒரே அதிகாரி இருக்கட்டும். ஆனால் அவரைக் கண்காணிக்கும் சபையை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பியது. இளைஞர் அசையவில்லை.

தேர்தல் வந்தது

1872-ல் புதிய சட்டம் வந்தது. 64 உறுப்பினர்களில் பாதிப்பேரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. பெரோஸ்ஷாவும் நகரசபைக்குள் நுழைந்தார். 1884, 1885, 1905, 1911 என நான்கு முறை அதன் தலைவர் பதவியை வகித்தார். பம்பாயின் முடிசூடா மன்னர் என்று மக்கள் அவரை அழைத்தனர்.

அவருடைய மிகப்பெரிய சாதனை 1888-ம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம். சபையின் கையைக் கட்டும் வகையில் அரசாங்கம் மசோதா கொண்டு வந்தபோது, சட்டசபையில் இருந்த அவரும் நீதிமான் தெலாங்கும் ஷரத்து ஷரத்தாக வாதாடினார்கள். முடிவில், கொள்கையை வகுக்க சபை, பணத்தைக் கண்காணிக்க நிலைக்குழு, வேலையை நடத்த கமிஷனர் என்ற ஏற்பாடு உறுதியானது. பல திருத்தங்களுடன் அந்தச் சட்டம்தான் இன்றும் மும்பையை ஆள்கிறது.

தண்ணீரும் பள்ளிக்கூடமும்

அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான் 1892-ல் தான்சா ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. 1893-ல் இப்போதைய மாநகராட்சிக் கட்டிடம் கட்டி முடிக்கப்பட்டது.

போலீஸ் செலவை நகரசபையின் தலையில் அரசாங்கம் கட்டியிருந்தது. போலீஸ் மீது அதிகாரம் இல்லை. செலவு மட்டும் உண்டு. இதை எதிர்த்து மேத்தாவும் மற்றவர்களும் பல ஆண்டுகள் போராடினார்கள். 1907-ல் வழி பிறந்தது. போலீஸ் செலவை அரசாங்கம் ஏற்றது; அதற்கு ஈடாக ஆரம்பக் கல்விப் பொறுப்பை நகரசபை ஏற்றது. மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளும் அந்த ஏற்பாட்டின் பலனை அனுபவித்தவர்களே.

வீழ்த்த நடந்த முயற்சி

அதே 1907-ல் அவரைச் சபையிலிருந்து வெளியேற்ற ஹாரிசன் என்ற உயர் அதிகாரியின் தலைமையில் ஆங்கிலேயர் சிலர் கூட்டணி அமைத்தனர். ஜஸ்டிஸ்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்கள் 16. மேத்தாவுக்குக் கிடைத்தது 17-வது இடம். தோல்விதான். ஆனால் வென்றவர்களில் ஒருவர் தகுதியற்றவர் என்று தீர்ப்பாகியது. அடுத்து நின்ற மேத்தா உள்ளே வந்தார். நான்கே ஆண்டுகளில் மீண்டும் தலைவரும் ஆனார்.

எட்டாத வாக்குரிமை

ஒன்றை மறைப்பதற்கில்லை. அந்த நாளில் ஓட்டு, குறிப்பிட்ட அளவு வரி கட்டியவர்களுக்கும் படித்தவர்களுக்கும்தான். ஆலையில் உழைத்துச் சாலில் குடியிருந்த தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. மேத்தா திறந்த கதவு எல்லோருக்குமான கதவாக இருக்கவில்லை. வயது வந்தோர் அனைவரும் ஓட்டுப்போடும் மாநகராட்சித் தேர்தல் பம்பாயில் 1948-ல்தான் நடந்தது. அதைக் காண அவர் இல்லை.

1890-ல் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். 1911-ல் தொடங்கிய சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியாவின் முதல் தலைவர். 1913 முதல் வெளிவந்த 'பாம்பே கிரானிக்கிள்' பத்திரிகையை நிறுவியவர். இத்தனை பெருமை இருந்தும், தெரு விளக்கு, குழாய்த் தண்ணீர், சாக்கடை என்று பேசும் சபையை அவர் சிறிதாக எண்ணியதில்லை. 1915-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி பம்பாயிலேயே காலமானார்.

வார்டு உறுப்பினரிடம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட இன்று எந்தத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை தானாக வந்ததல்ல. 26 வயது இளைஞர் ஒருவர், கூட்டம் விரும்பாத உண்மையைச் சொல்லத் துணிந்ததில் அது தொடங்கியது.