துரையின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிய துரைசாமி

பொகவந்தலாவையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு விலை பேசுபவர், அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேல் டிவிசனுக்கு ஏறுமா என்றுதான் கேட்பார். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக டவுன்வரை வரும் ரோட்டில் எந்த வண்டியும் ஓடிவிடும். தோட்டத்து ரோட்டில் திரும்பினால் கதை வேறு. உடைந்த கருங்கல், மழைக்கு வழுக்கும் சேறு, ஒரு வளைவை முடிப்பதற்குள் அடுத்த வளைவு. இங்கே வண்டிக்குத் தகுதிப் பத்திரம் கொடுப்பது மலைதான்.

இதையே ஒரு விளையாட்டாக ஆக்கி வைத்திருக்கிறார்கள் பிரித்தானியர்கள். 1901இல் அங்கே தொடங்கிய மோட்டார் சைக்கிளிங் கிளப் என்ற கழகம், 1904இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும், 1908இல் லேண்ட்ஸ் எண்ட் முனைக்கும், 1910இல் எக்ஸெட்டருக்கும் நெடுந்தூரச் சோதனை ஓட்டங்களை ஆரம்பித்தது. இரண்டு உலகப் போர்களுக்காக நின்றாலும் இன்றும் அவை நடக்கின்றன. வழியில் செங்குத்தான மண் ஏற்றங்கள் வரும். வேகம் முக்கியமில்லை. நடுவில் நிற்காமல் ஏறி முடிக்க வேண்டும். காரென்றால் பக்கத்தில் இருப்பவர் இருக்கையில் எழும்பி எழும்பிக் குதிப்பார், பின்சில்லு மண்ணைப் பிடிக்கட்டும் என்று. தோட்டத்து லொறியில் போய்ப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாங்கள் மெடல் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பொழுதுபோக்கின் இன்னொரு வடிவம் நம் மலைக்கும் வந்தது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. அது நேரத்தோடு போட்டி போடுவது. ஏப்ரல் வசந்த காலத்தில் இப்போதும் அதற்குக் கூட்டம் சேரும். மலைநாட்டில் தேயிலையை நட்டதும், ரோட்டுக்குக் கல் உடைத்ததும் எங்கள் ஆட்கள். வண்டிக்குள் இருந்தவர்கள் வேறு ஆட்கள். துரையின் மோட்டார் சைக்கிளைத் துடைக்கலாம், தள்ளலாம், சேற்றிலிருந்து தூக்கிவிடலாம். திறந்து பார்க்க முடியாது.

அப்படித் திறந்து பார்த்த ஒரு தமிழ்நாட்டுக்காரரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். பெயரிலேயே துரை இருக்கிறது: கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி.நாயுடு என்றால் நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் 1893 மார்ச் 23ஆம் திகதி விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. சில வகுப்புகளோடு படிப்பு முடிந்து, வயல்வேலைக்குத் திரும்பினார்.

அந்தப் பக்கத்துக்கு வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். மாடு இழுக்காமல், மனிதர் மிதிக்காமல், இரண்டு சில்லில் தானாக ஓடும் ஒரு பொருளைப் பையன் முதன்முதலாகப் பார்க்கிறான். அது இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட ரட்ஜ். அந்தக் கம்பனி சைக்கிள் செய்து பெயரெடுத்து, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. அன்றைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு கியர் கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சில்லுக்கு ஒரு பட்டி ஓடும். ஏற்றம் வந்தால் ஓட்டுபவர் இறங்கிக் கூடவே ஓட வேண்டும். 1911இல் மான் தீவுப் பந்தயம் மலைப்பாதைக்கு மாறியபோது, கியர் வைத்திருந்த அமெரிக்க இந்தியன் வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் எடுத்துக்கொண்டன. பிரித்தானியக் கம்பனிகளுக்கு அது பெரிய அடி. ரட்ஜ் கம்பனி பட்டி ஓடும் கப்பியை விரித்துச் சுருக்கி இழுவையை மாற்றும் ‘மல்டி’ என்ற முறையைக் கொண்டுவந்தது. 1914இல் அதே போட்டியின் பெரிய பந்தயத்தை ரட்ஜில் சிரில் புல்லின் வென்றார். கியர் என்ற ஒன்றை இந்த வண்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தது மலை என்றே சொல்லலாம்.

இந்த விவரமெல்லாம் கலங்கல் பையனுக்கு அன்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுக்கு வண்டி வேண்டும். வீட்டைவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய் ஹோட்டலில் சாப்பாடு பரிமாறும் வேலையில் சேர்ந்தான். வருடக்கணக்காகச் சேர்த்த சில நூறு ரூபாயோடு அந்த அதிகாரியிடமே போய் வண்டியை வாங்கினான். வாங்கியதும் செய்த வேலை, அதை முழுவதுமாகக் கழற்றியது. கழற்றினான், பூட்டினான், மறுபடி கழற்றினான். படிப்பித்துக் கொடுக்க ஆளில்லை. அவருடைய தொழிற்படிப்பு அந்த ஒரு வண்டிதான்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர், உழைத்தால் உயரலாம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் இருந்த பதினெட்டு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் கங்காணியிடம் பட்ட கடன் துண்டு என்ற சீட்டில் எழுதப்பட்டிருக்கும். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது 1920களின் தொடக்கத்தில்தான். ஹோட்டலில் வேலை செய்து சேமிக்கலாம் என்றால், முதலில் லயத்தைவிட்டு வெளியே போக வேண்டுமே. நாயுடுவுக்கு ஊரில் காணி இருந்தது, கோபித்துக்கொண்டு கிளம்பும் சுதந்திரம் இருந்தது. அவருடைய திறமையை இது குறைக்காது. ஆனால் எங்கள் பாட்டன்மார் ஏன் ஒரு ஜி.டி.நாயுடுவாக ஆகவில்லை என்று யாராவது கேட்டால், பதில் அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கிறது.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் பஞ்சு வியாபாரத்தில் அவர் நிறையச் சம்பாதித்தார். பம்பாய் போய் அதே வியாபாரத்தில் இழந்தார். ஊர் திரும்பி, கோயம்புத்தூரில் பெரிய வியாபாரியாக இருந்த ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவியோடு ஒரு பஸ் வாங்கினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தானே ஓட்டினார். அது வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பனி ஆனது. பஸ் நேரத்துக்குக் கிளம்பும், நேரத்துக்குப் போய்ச் சேரும் என்பதே அக்காலத்தில் அந்தக் கம்பனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அதன்பிறகு அவர் கைவைக்காத துறை குறைவு. 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். எழுபது ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். அந்தப் பட்டியலில் என்னை நிறுத்திய பொருள், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி.

மண்ணெண்ணெய் என்றதும் வடக்கில் போர்க்காலத்தைக் கடந்தவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். 1990க்குப் பிறகு பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று பிரித்தானியாவில் நூதனப் பொருளாகிவிட்ட கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் அந்த நாற்றமும் ஒழுங்கை முனைக்கு முதலில் வரும், கார் பிறகு வரும். கரி பிடித்த பிளக்கைக் கழற்றித் துடைப்பது தினசரி வேலை. அந்தக் கார்களில்தான் பிள்ளைத்தாய்ச்சிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஷெல் பட்டவர்களும் போனார்கள். அந்த எஞ்சின்களை ஓடவைத்தவர்களுக்குக் கைநூலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. ஒரு பகுதி உடைந்தால் இன்னொரு வண்டியிலிருந்து எடுத்து, அராவிப் பொருத்தினார்கள்.

பொகவந்தலாவையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸ், தொழில் பழகியது கிளிநொச்சியில். 1977 கலவரத்தில் தோட்டத்தைவிட்டு வன்னிக்கு ஓடிய மலையகக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2009க்குப் பிறகு, மிஞ்சியவர்களோடு திரும்பி வந்தார். 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்று அலுத்த ஓட்டோக்காரத் தம்பிமார், மண்ணெண்ணெயில் ஓட வழி சொல்லுங்கள் அண்ணன் என்று அவரிடம் வந்தார்களாம். அவர் மறுத்துவிட்டார். வன்னி தரையான பூமி, பாரமில்லாமல் ஓடினால் மண்ணெண்ணெய் தாங்கும். இங்கே ஏற்றத்தில் எஞ்சின் பாரத்தோடு திணறும்போது மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும், பிஸ்டன் போய்விடும் என்று எனக்கு விளக்கினார். எந்தப் புத்தகத்திலும் படித்து அவர் இதைச் சொல்லவில்லை.

நாயுடு காலமெல்லாம் சண்டை போட்டது இந்த மாதிரிக் கையறிவுக்காகத்தான் என்று நினைக்கிறேன். 1944இல் கம்பனிப் பொறுப்புகளிலிருந்து பெருமளவு விலகிக் கல்வியின் பக்கம் திரும்பினார். அவருடைய கொடையால் 1945இல் கோயம்புத்தூரில் ஒரு பொலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொடங்கின. மூன்றாம் வகுப்பையும் ஒழுங்காக முடிக்காத மனிதர் அதிபராக இருந்தார். நான்கு வருடப் பொறியியல் படிப்பு வீண், பாதிக் காலமே போதும், மிச்ச நாளுக்குப் பையன்கள் பட்டறையில் இருக்கட்டும் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரி இன்று கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

படிப்புக் காலத்தைக் குறைப்பதில் அவர் சொன்னது முழுக்கச் சரியென்று நான் சொல்லமாட்டேன். பாலம் கட்டுபவருக்கு நான்கு வருடக் கணக்குத் தேவைதான். ஆனால் பழுது பார்க்கத் தெரிந்தவனையும் பழுது பார்ப்பது பற்றிப் பரீட்சை எழுதியவனையும் அரசு வேறு வேறு தராசில் நிறுக்கிறது என்ற அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு.

கோபக்காரர்தான். 1952இல் இரண்டு பேர் போகக்கூடிய சிறிய பெற்றோல் காரொன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையில் வெளியிட்டார். உரிமம் கிடைக்காமல் உற்பத்தி நின்றது. வரிச் சுமையும் சேர்ந்துகொள்ள, அந்தப் பத்தாண்டில் தான் செய்த கருவிகளையே பொதுமக்கள் முன்னால் போட்டு உடைத்துப் பிரதிஷ்டை பண்ணினார் தன் எதிர்ப்பை. காலையில் அத்திவாரம் போட்டு மாலைக்குள் வீடு கட்டி முடித்துக் காட்டியவரும் அவரே. கொஞ்சம் விளம்பரப் பிரியர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1974 ஜனவரி 4ஆம் திகதி காலமானார்.

அவர் இறந்த அந்த வருடங்களில் எங்கள் மலையிலிருந்து ஒரு கூட்டம் அவருடைய ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாடு கடத்தப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, பலர் நீலகிரியிலுள்ள அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பமும் அப்படித்தான் கூடலூருக்குப் போனது. அங்கே பிறந்த சித்தப்பா ஒருவர்தான் என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் அவினாசி ரோட்டில் நாயுடுவின் நினைவாக இருக்கும் காட்சிக்கூடங்களைக் காட்டினார். பளபளக்கும் கார்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது சித்தப்பா சொன்னதெல்லாம், நம் பெட்டிகளையும் இப்படி வைத்திருக்கலாம் என்பதுதான். மண்டபம் முகாமில் இறங்கிய தகரப் பெட்டியைச் சொன்னார்.

கிளிநொச்சி பாஸிடம் இப்போது இரண்டு பையன்கள் தொழில் பழகுகிறார்கள். ஒருவன் சாதாரண தரத்தில் கணிதத்தில் விழுந்தவன். காபரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவான். வெளிநாட்டுக்குப் போவதற்கும், கொழும்பில் நல்ல கராஜில் சேர்வதற்கும் கடதாசி கேட்கிறார்கள். வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களையும் நேரில் சோதித்து என்.வீ.கியூ. சான்றிதழ் கொடுக்கும் வழி இந்த நாட்டில் இருக்கிறது. அது அவனுக்கும் தெரியாது, பாஸுக்கும் தெரியாது. தோட்டத்து லயங்களில் அதைப் போய்ச் சொல்வதற்கு ஆளில்லை. சொன்னபோது பாஸ் முதலில் நம்பவில்லை. பிறகு, தனக்கும் ஒன்று எடுக்க முடியுமா, வயது ஐம்பத்திரண்டு ஆகிறதே என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். செய்த வேலைக்கு ஆதாரமாகப் படங்கள் வேண்டும் என்றதும், எஞ்சின் திறந்து கிடந்த ஓட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, படம் எடுங்கள் தம்பி என்றார்.