அண்டிரிக் அடிகளார்

பிறருக்கு அறிவுரை கூறப் புகுவோர் உலகிற் பலர். அவ்வுரை கேட்பார் உள்ளத்திற் சென்று தங்குமாறு கூறவல்லார் மிகச் சிலர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உரையின் குற்றமே என்று கருதுதல் பொருந்தாது. நோயாளி மருந்தினை ஆராயுமுன் மருத்துவன் முகத்தை நோக்குகின்றான். அவ்வாறே துயருற்றானும் உரையை ஆராயுமுன் உரைப்பானை நோக்குகின்றான். இவ்வுண்மைக்குச் சான்றாக நம் நெல்லைக் கடற்கரையில் வாழ்ந்து மறைந்த பெரியார் ஒருவரின் வரலாற்றினை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

உடன்குடியின் பனங்காடுகளைக் கடந்து தென்கிழக்குத் திசை நோக்கிச் செல்வார்க்குச் சிறு தொலைவிலேயே மணப்பாட்டு மணற்குன்றும் அதன்மேல் விளங்கும் திருச்சிலுவைக் கோயிலும் காட்சி தரும். 1542-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை அக்குன்றின் சரிவில் உள்ளது. அங்கிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம் ஆகியவற்றிற்கு அப்பால் பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலை அடையலாம். சவேரியாரை அறியாதார் இக்கரையில் இல்லை. அவருக்குப் பின் வந்து, இக்கரையிலேயே ஐம்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அண்டிரிக் அடிகளார். அன்னாரைத் தமிழ் எழுத்தில் முதன்முதல் நூல் அச்சிட்டவர் என்று பலரும் அறிவர். மக்களின் மனக்குறை கேட்டவர் என்னும் வகையில் அறிந்தார் குறைவே.

அடிகளார் 1520-ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தார். அவர்தம் முன்னோர் யூத மரபினர். அக்காலத்தே அந்நாட்டில் அம்மரபிற் பிறந்தாரை ஐயக்கண் கொண்டு நோக்குதல் வழக்கமாயிருந்தது. முதலிற் பிரான்சிஸ்கு சபையிற் புகுந்த அடிகளார், பிறப்பின் காரணத்தால் அதனை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர்க் கோயிம்பிராப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1545-ஆம் ஆண்டில் இயேசு சபையிற் சேர்ந்து, மறு ஆண்டிலேயே இந்தியாவிற்குக் கப்பலேறினார். 1547-ஆம் ஆண்டளவில் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பெற்றார். குலம்பற்றி ஒதுக்கப்படுதல் இன்னதென்பதைத் தம் உடலும் உள்ளமும் அறிய உணர்ந்த ஒருவர் இக்கரைக்கு வந்தார் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அவர் வந்த காலத்தே இக்கரை மக்களின் நிலை எளிதானதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் போர்த்துகீசியரின் துணையை நாடிக் கிறித்துவ சமயம் தழுவியிருந்தனர். துணைவராக வந்தோருள் கொடுமை செய்தாரும் இருந்தனர். தூத்துக்குடியில் இருந்த போர்த்துகீசியத் தலைவனின் கொடுமைகளைக் குறித்து 1544-ஆம் ஆண்டிற் சவேரியாரே வருந்தி முடங்கல்கள் வரைந்துள்ளார். உள்நாட்டுப் படைகளும் அடிக்கடி கரையிற் புகுந்து கொள்ளையிட்டன. ஆகவே, கடல் கடந்து வந்த ஒருவனைக் கண்டபோது, இவன் நம் குறை கேட்க வந்தானோ, நம் முத்தினைக் கொள்ள வந்தானோ என்று குளியாளி ஐயுறுதல் இயல்பே. அடிகளார் வாய் திறக்குமுன்னரே அவ்வையம் அவர்முன் நின்றது.

இதனினும் பெரிய தடை மொழியாகும். அந்நாளிற் குருமார் பலர் துபாசியரைக் கொண்டே மக்களொடு பேசினர். பாவசங்கீர்த்தனத்திலும் துபாசி இடைநின்ற காலம் உண்டு. இதன் இடர்ப்பாட்டினைச் சிறிது எண்ணிப் பார்ப்போமாக. துபாசி அவ்வூரினன், அடுத்த தெருவில் வாழ்பவன். சம்மாட்டியின் கடனுக்கு அஞ்சி முத்தொன்றை மறைத்த ஒருவன், அல்லது மனையறத்திற் பிழை செய்து மனம் வெதும்பும் ஒருத்தி, தன் மறையினை அவன் செவி கேட்கக் கூறுதல் யாங்ஙனம்? கூறினும், அவன் அதனைத் திரியாது உரைப்பான் என்பது என்ன உறுதி? குருவின் கல்வியும் நன்னோக்கமும் எத்துணைச் சிறந்தனவாயினும், இடைநின்ற மூன்றாமவனால் அவை பயனற்றுப் போயின.

அடிகளார் இதனை விரைவில் உணர்ந்து, தமிழ் கற்றலைத் தம் தலையாய கடமையாக மேற்கொண்டார். இலத்தீன் இலக்கண முறையைத் துணைக்கொண்டு பெயரின் வேற்றுமைகளையும் வினையின் திரிபுகளையும் வகுத்தெழுதிப் பயின்றார். அம்முயற்சி பின்னர்ப் போர்த்துகீசிய மொழியில் அமைந்த ஒரு தமிழிலக்கண நூலாயிற்று. அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் நகரில் உள்ளது. உடனுறைந்த குருமாரும் தம்முள் தமிழிலேயே பேசுதல் வேண்டும் என்று விதித்தார். பெருங்கல்வி கற்ற ஒருவர், வேற்று மொழியிற் குழவிபோற் பிழைபடப் பேசித் திருந்துதலை மக்கள் நாள்தோறும் கண்டனர். தம்பொருட்டு ஒருவர் இத்துணை வருத்தம் ஏற்கின்றார் என்னும் காட்சியே அவர்களுடைய ஐயத்தைத் தளர்த்தியிருக்கும் என்பது எம் கருத்து.

1549-ஆம் ஆண்டில் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி அடிகள் கொல்லப்பட்டபின், உடனுழைத்த குருமார் அண்டிரிக் அடிகளாரையே தலைவராகத் தெரிந்தெடுத்தனர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் அப்பொறுப்பைத் தாங்கினார். 1553-ஆம் ஆண்டிற் புன்னைக்காயல் பகைவரால் தாக்கப்பட்டபோது அவரும் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் தாய்நாடு திரும்பினாரல்லர்; மீண்டும் அக்கரைக்கே வந்தார். ஏழை நோயாளர்க்காகப் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையும் அமைத்தார். உடன் துன்புற்றவரிடத்து மனந்திறந்து பேசுதல் மக்களுக்கு எளிதன்றோ?

அவர் வெளியிட்ட நூல்களுள் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களை உடையது. 1579-இற் கொச்சியிற் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586-இல் அடியார் வரலாறு வெளிவந்தது. இவற்றின் இடையே 1580-இல் வெளிவந்த ‘கொம்பெசியொனாயரு’ என்னும் நூலே நம் பொருளுக்கு உரியது. பாவசங்கீர்த்தனம் செய்வார் தம் உள்ளத்தைத் தாமே ஆராயுமாறு தமிழில் வழிகாட்டுவது அது. ஏறக்குறைய முப்பதாண்டுகள் மக்களின் குறைகளைக் கேட்டபின்னரே அடிகளார் அந்நூலை அச்சேற்றினார் என்பது கருதத்தக்கது. அவர் முன்னர்க் கேட்டார், பின்னரே எழுதினார்.

இக்காலத்து உளநூலார் இதனையே ஆராய்ந்து கூறுகின்றனர். அமெரிக்க அறிஞர் கார்ல் ராஜர்ஸ் 1957-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஆற்றுப்படுத்துவோனிடம் பொய்யற்ற தன்மையும், பிறரை நிபந்தனையின்றி மதிக்கும் பண்பும், அவர் நிலையில் நின்று உணரும் ஆற்றலும் வேண்டும் என்றார். அவ்வன்பும் உணர்வும் ஓரளவேனும் துயருற்றானுக்குப் புலனாதல் வேண்டும் என்பதையும் சேர்த்துரைத்தார். 1968-இல் ஸ்டான்லி ஸ்ட்ராங் என்பார், தேர்ச்சி, மனங்கவர் தன்மை, நம்பத்தகும் தன்மை ஆகிய மூன்றும் கேட்பான் கண்ணுக்குத் தோன்றும் அளவிற்கே உரை பயன்தரும் என்று காட்டினார். அடிகளார்பால் முதலது தமிழறிவாலும், இரண்டாவது எளிய வாழ்வாலும், மூன்றாவது கரையை விட்டு நீங்கா உறுதியாலும் விளங்கின எனலாம்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. அடிகளார் இக்காலத்து உளவள ஆலோசகர் அல்லர். அவர் ஒரு சமயத்தின் குரு. அவர் பின்னே ஓர் அரசின் கப்பல்களும் நின்றன. அவர் கேட்ட வினாக்கள் அவர்தம் சமயம் வகுத்தவை. வந்தாருள் சிலர் அன்பினால் வந்திருப்பர். சிலர் அச்சத்தினாலும் வந்திருப்பர். ஒருவர்பால் மக்கள் வைக்கும் நம்பிக்கை அவருக்குப் பெரும் ஆற்றலைத் தருவது. ஆதலின் அதனைப் பெற்றவன் தன்னையே இடையறாது ஆராய்தல் வேண்டும்.

அடிகளார் 1600-ஆம் ஆண்டிற் புன்னைக்காயலில் உயிர் நீத்தார். அவரது உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பனிமய அன்னை கோயிலில் அடக்கஞ் செய்யப்பெற்றது. பிற சமயத்தாரும் அவர் பிரிவிற்கு வருந்தினர் என்று சபைக் குறிப்புகள் கூறும். பிறப்பால் தம் நாட்டில் ஐயுறப்பட்ட ஒருவர், வேற்று நாட்டில் நம்பிக்கைக்கு உரியவராய் மறைந்தார்.

நம் கல்லூரி மாணவருள் நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஊர்ப் பெரியோராகவும் விளங்கப் போவார் பலர். விடுதி அறையில் இன்றே ஒரு நண்பன் தன் மனக்குறையை நும்மிடம் கூற வரலாம். அவன் வருமுன் நுமது கல்வியை அளந்து பாரான். நுமது முகத்தையும், நீர் பிறர் மறையைக் காத்த வகையினையும், அவன் பேச்சின் நடையிலேயே அவனொடு பேசும் பண்பினையும் நெடுநாளாகக் கண்டிருப்பான். அறிவுரை கூறும் நாள் எதிர்பாராது வரும். அந்நாளுக்குரிய தகுதியை அதன் முன்னைய நாள்களிலேயே தேடிக்கொள்ளல் வேண்டும். அண்டிரிக் அடிகளாரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.