புரோகிராமை எப்படிச் சரிபார்ப்பது? 1949-லேயே வழி சொன்ன ஆலன் டூரிங்!

ஐ.டி. கம்பெனிகளில் புதுசாக எழுதிய கோடை அப்படியே லைவ்வுக்கு விட்டுவிட மாட்டார்கள். முதலில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஓடும். டெஸ்ட் ஃபோல்டரில் இருக்கும் குட்டிக் குட்டி சோதனைகளை அது ஒவ்வொன்றாக இயக்கும். சரி என்றால் 0, தப்பு என்றால் வேறு எண். 0 வராவிட்டால் வேலை அங்கேயே நிற்கும். ஒவ்வொரு சோதனைக்குள்ளும் இருப்பது 'அசெர்ஷன்', அதாவது 'இந்த இடத்தில் விடை இதுவாகத்தான் இருக்கணும்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் கூற்று. புரோகிராம் சரிபார்ப்பில் இந்தச் சொல்லை 1949-லேயே பயன்படுத்தியவர் ஆலன் டூரிங்.

யார் இவர்? 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தவர். அம்மா எத்தேல் சாரா பிறந்தது நம்ம கோவை போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. பெற்றோர் இந்தியாவில் இருக்க, டூரிங்கும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்தார்கள்.

1936-ல் கம்ப்யூட்டருக்கான கணித அடிப்படை, போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியத்தை உடைத்தது என இவரது சாதனைகள் பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது, கேம்பிரிட்ஜ் மாநாட்டில் 1949 ஜூன் 24-ல், 37 வயது முடிந்த மறுநாள், அவர் வாசித்த கட்டுரை. அச்சில் வெறும் 3 பக்கம்தான்.

கேள்வி சிம்பிள். பெரிய புரோகிராம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? டூரிங் எடுத்துக்கொண்டது ஸ்கூல் கூட்டல் கணக்கை. கடைசி விடை மட்டும் இருந்தால், சரிபார்க்கிறவர் மொத்தக் கணக்கையும் ஒரே மூச்சில் போட்டுப் பார்க்கணும். ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும், பக்கத்து வரிசைக்குக் கொண்டுபோகும் எண்ணும் எழுதியிருந்தால்? வரிசைகளைத் தனித்தனியாகப் பார்த்துவிடலாம். ஆளுக்கொன்றாகப் பிரித்தும் கொடுக்கலாம். புரோகிராமிலும் அப்படியே ஆங்காங்கே கூற்றுகளை எழுதிவைத்தால், ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்கலாம் என்றார் டூரிங். புரோகிராம் முடிவே இல்லாமல் சுற்றாது என்பதையும் தனியாக நிரூபிக்கச் சொன்னார்.

அன்றைக்குச் சரிபார்ப்பது மனிதர், பேப்பரில். இன்று ஸ்கிரிப்ட்டே அதைச் செய்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சின்னதாகப் பிரித்துச் சோதிக்கும் யோசனை அங்கேயே இருக்கிறது.

1952-ல் தன்பாலின உறவுக்காக டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசியை ஏற்றார். ரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது. 1954 ஜூன் 7-ல் சயனைடால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. அதை ஏற்காதவர்களும் உண்டு. அரச மன்னிப்பு வந்தது 2013-ல்தான்.

கட்டுரையையும் எல்லோரும் மறந்துபோனார்கள். 1967-ல் அமெரிக்காவின் ராபர்ட் ஃப்ளாய்ட் கிட்டத்தட்ட இதே முறையை முன்வைத்த பிறகுதான் இந்தத் துறையே சூடுபிடித்தது. இதில் ஒரு கூத்தும் உண்டு. சரிபார்ப்பைப் பற்றிய அந்தக் கட்டுரை, அச்சுப்பிழைகள் நிறைந்ததாக வெளியாகியிருந்தது. எழுத்துகள் மாறி, குறியீடுகள் குழம்பிக் கிடந்தன. திருத்திய வடிவம் 1984-ல் வெளியானது.