பொறியாளர் திலகம் விசுவேசுவரய்யா

இன்றைய கர்நாடகத்தில் உள்ள முத்தேனஹள்ளியில் 1861-ஆம் ஆண்டு பிறந்தவர் விசுவேசுவரய்யா. இளமையிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அவ்வருவாயில் பெங்களூரில் பயின்று 1881-இல் பட்டம் பெற்றார். மைசூர் அரசின் உதவித்தொகை கொண்டு பூனாவில் பொறியியல் கற்று, 1883-இல் முதல் மாணவராகத் தேறினார்.

பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, கடக்வாஸ்லா அணைக்குத் தாமே இயங்கும் மதகுகளை அமைத்தார். ஆயினும் அங்கே தலைமைப் பொறியாளர் பதவி வெள்ளையருக்கே உரியதாய் இருந்தது. எனவே 1908-இல் பணியைத் துறந்தார். மறு ஆண்டே மைசூர் அவரைத் தலைமைப் பொறியாளராக ஏற்றது. 1912-இல் திவானாகவும் உயர்த்தியது.

ஒருவருடைய திறமை மட்டுமே எல்லாருக்கும் வழி திறந்துவிடாது அன்றோ! 1920-இல் இந்தியப் பொறியாளர் நிறுவனம் தோன்றியது. 1935-இல் அரச சாசனம் பெற்றது. அது நடத்திய தேர்வை அரசு, வேலைவாய்ப்பில் பட்டத்துக்கு நிகராக நெடுங்காலம் ஏற்றுக்கொண்டது. எங்கள் கரையான்சாவடி போன்ற ஊர்களிலிருந்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஆலை வேலைக்குச் செல்லும் ஏழைத் தொழிலாளியும் பொறியாளராக அது வழி வகுத்தது.

1955-இல் பாரத ரத்னா பெற்ற அப்பெரியார் 1962-இல் மறைந்தார். 1968 முதல் அவர் பிறந்த செப்டம்பர் 15 பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நண்பர்களே! தகுதியை அவரவர் உழைத்துத் தேடுவோம். உரிமையை ஒன்றுகூடிக் கேட்போம்.