ஸ்கூலில் சிரித்தார்கள்.. வெடியால் வந்த வம்பு.. வேதியியலையே மாற்றிய லீபிக்! யார் இவர்?

தரையில் ஓங்கி அடிச்சா ‘டப்’புன்னு வெடிக்குமே, அந்தக் குட்டி காகிதப் பொட்டலம்... சின்ன வயசுல நம்மில் பலர் வாங்கியிருப்போம். கிட்டத்தட்ட அதே மாதிரியான ஒரு வெடிதான், 200 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு சிறுவனை வம்பில் மாட்டிவிட்டது. பிறகு அதுவே அவருக்குப் புகழும் வாங்கித் தந்தது. அவர்தான் யுஸ்டுஸ் ஃபான் லீபிக்.

சந்தையில் கற்ற வித்தை

1803-ல் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தவர் லீபிக். அப்பா பெயிண்ட், ரசாயனப் பொருட்கள் விற்றவர். ஒருநாள் சந்தையில் ஒரு வியாபாரி பொம்மை வெடி செய்வதை சிறுவன் பார்த்தான். அதில் இருந்தது ‘சில்வர் ஃபல்மினேட்’. லேசாக உரசினாலே வெடிக்கும் ஆபத்தான பொருள். வேடிக்கை பார்த்தே அதைச் செய்யக் கற்றுக்கொண்டான்.

படிப்பிலோ ஆர்வமில்லை. என்ன ஆகப்போறேன்னு ஆசிரியர் கேட்டதற்கு, வேதியியலாளர் ஆவேன் என்றான். பள்ளியே சிரித்தது. அடுத்து ஒரு மருந்துக்கடையில் வேலை பழகப் போனான். சில மாதங்களிலேயே வீடு திரும்பினான். வெடிவிபத்துதான் காரணம் என்பார்கள். அப்பாவால் பணம் கட்ட முடியவில்லை என்றும் சொல்வார்கள்.

அதே வெடி.. புதிய பாதை

பின்னர் பாரிஸ் சென்ற லீபிக், கே-லூசாக் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் அதே ஃபல்மினேட்டை முறைப்படி ஆராய்ந்தார். இன்னொரு விஞ்ஞானி வோலர் ஆராய்ந்த சில்வர் சயனேட்டிலும் அதே தனிமங்கள், அதே அளவில் இருந்தன. ஆனால் அது ஃபல்மினேட் போல வெடிக்காது! அணுக்கள் இணையும் விதம் மாறினால் பொருளின் குணமே மாறும் என்ற புரிதலுக்கு இது வழிவகுத்தது. பிளஸ் 2-வில் நாம் படிக்கும் ‘மாற்றியம்’ இதுதான்.

21 வயதில் பேராசிரியர்

1824-ல் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே மாணவர்களைத் தங்கள் கையாலேயே சோதனை செய்ய வைத்தார். இன்றைய கல்லூரி ஆய்வகங்களுக்கு அது ஒரு முன்மாதிரி. 1840-ல் பயிர்களுக்கான சத்துகள் பற்றி அவர் எழுதிய நூல், ரசாயன உரங்களுக்கு அடித்தளமிட்டது. 1873-ல் மியூனிக்கில் மறைந்தார்.

சிறுவன் லீபிக்கிடம் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் நின்று பாதுகாப்பாகச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. வளர்ந்த பிறகு, நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு அந்த ஆளாக அவரே நின்றார்.