மாற்றாந்தந்தை வளர்த்த மாணிக்கம்

கல்முனை முதல் அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு வரை நீளும் கரையோர ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியே குடி வகுத்து வாழ்ந்து வந்தவர்கள். பிள்ளை எந்தக் குடி என்பது தாயால் அமைவது. ஆயினும், பெற்ற தந்தை விட்டகன்ற பிள்ளையை வேறொருவர் ஏற்று வளர்க்கும்போது, அப்பிள்ளை யாருக்குரியது என்னும் வினா இங்கும் எழவே செய்கிறது. அவ்வினாவுக்கு விடையாக அமைந்த வாழ்வொன்று இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. அது அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வாழ்வு.

ஹிஜ்ரத்திற்கு ஏறத்தாழப் 10 ஆண்டுகள் முன்னர், மதீனாவின் கஸ்ரஜ் குலத்தில் நஜ்ஜார் கிளையில் அவர் பிறந்தார். அன்னை உம்மு ஸுலைம் இஸ்லாத்தைத் தழுவியதும், பாலகனுக்குக் கலிமாவைச் சொல்லிக்கொடுத்ததும் தந்தை மாலிக்குக்குச் சினமூட்டின. அவர் மனைவியையும் மகனையும் விட்டுச் சிரியாவுக்குப் புறப்பட்டார், அங்கேயே மாண்டார்.

பின்னர் அபூதல்ஹா என்னும் செல்வர் உம்மு ஸுலைமை மணம் பேசினார். பொன்னும் வெள்ளியும் வேண்டாத அவ்வம்மையார், அவர் இஸ்லாத்தை ஏற்பதையே மஹராகக் கொண்டார் என்பர். இவ்வாறு அனஸுக்கு ஒரு மாற்றாந்தந்தை வாய்த்தார்.

கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அனஸுக்கு வயது 10. அபூதல்ஹாவே சிறுவனின் கைப்பிடித்து அழைத்துச் சென்று, பெருமானாரின் பணிக்கு ஒப்படைத்தார் என்று ஹதீஸ் கூறுகிறது. அன்னையே அழைத்துச் சென்றதாகவும் அறிவிப்பு உண்டு. வீட்டிலும் பயணத்திலும் 10 ஆண்டுகள் பணிபுரிந்த அனஸ், அக்காலம் முழுவதும் ஒரு கடுஞ்சொல்லும் கேட்டதில்லை. உம்மு ஸுலைமுக்கும் அபூதல்ஹாவுக்கும் மகன் பிறந்தபோது, அப்பச்சிளங் குழந்தையை நபிகளாரிடம் ஏந்திச் சென்றவரும் இவரே.

அபூதல்ஹா தம் செல்வத்துள் பெரிதும் விரும்பிய பைருஹா என்னும் பேரீச்சந் தோட்டத்தை இறைவழியில் ஈந்தார். நபிகளாரின் ஆலோசனைப்படி அதை உறவினர்க்கே பங்கிட்டார். ஹஸ்ஸான், உபை இப்னு கஅப் ஆகியோர் அதைப் பெற்றனர். வளர்ப்பு மகனுக்குப் பங்கில்லை. இச்செய்தியை உலகுக்கு அறிவித்தவர் அந்த அனஸே. அவ்விருவரும் தம்மினும் அபூதல்ஹாவுக்கு நெருங்கிய உறவினர் என்று அவரே காரணமும் கூறினார். அதில் மனத்தாங்கலின் சாயல் இல்லை.

வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் பணிக்கிறது. எனவே விட்டுப்போன மாலிக்கின் பெயரே அனஸின் பெயரோடு என்றும் நிலைத்தது. வளர்த்தவர் அப்பெயரை மாற்ற விழையவில்லை. வளர்ப்பிற் குறையும் வைக்கவில்லை.

பிற்காலத்தில் பஸ்ரா நகரில் வாழ்ந்த அனஸ் 2,286 நபிமொழிகளை அறிவித்து, ஹிஜ்ரி 93 அளவில், நூறாண்டை எட்டிய முதுமையில் மறைந்தார். உஹதுப் போரில் நபிகளாரைக் கேடயத்தால் காத்து நின்ற அபூதல்ஹாவின் வீரத்தையும், அவரது ஈகையையும் நாம் இன்று அறிவது பெரிதும் இவர் வாய்மொழியாலேயே. தந்தையின் பெயரை அனஸ் தாங்கினார். வளர்த்தவரின் புகழைக் காத்தார். இரு கடன்களையும் ஒருவரே இறுக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.